பல்லி சொல்லிவிட்டது

அந்தக் காலத்தில், ஐப்பசி நான்காம் தேதி காலையில், கோணக்குளத்துக் கரையில் மூன்று இடங்களில் நீர் கசிவதை வெள்ளாயி என்ற பல்லி பார்த்தாள்.

விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிய காலம் அது. குளத்தை வெட்டிய மனிதர்கள் அதை மறந்து வேறெங்கோ போய்விட்டிருந்தார்கள். மேட்டில் அவர்கள் விட்டுப்போன கல்மண்டபத்தை விலங்குகள் சபையாக்கிக்கொண்டன. கரைக்குக் கீழே, பள்ளத்தில், முயல்களும் எலிகளும் வளை தோண்டிக் குடியிருந்தன. சபைக்குத் தலைவர் உடும்பு உலகப்பர். பிடித்ததை விடாத இனம். தலைமைப் பீடத்தை அவர் பிடித்து ஒன்பது மழைக்காலம் ஆகியிருந்தது.

பல்லிக்கு அப்போது நல்ல குரல். முழு வாக்கியங்களாகப் பேசுவாள். மண்டபத்துக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சபையில் நடப்பதையெல்லாம் கேட்டு, மாலையில் பள்ளத்தில் இறங்கி, வர முடியாதவர்களுக்குச் சொல்வதுதான் வெள்ளாயியின் வேலை. கேட்டதைச் சொல்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதனால் பள்ளத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: வெள்ளாயி சொன்னால் சரி.

அவளுக்கு இருந்த ஒரே சங்கடம், சொல்வதற்கு எதுவும் இல்லாததுதான்.

“இன்னைக்குச் சபையில என்ன வெள்ளாயி?” என்று கேட்பான் சடையன் என்ற முயல்.

“உரிய நடவடிக்கை எடுக்கப்படும்னு தலைவர் சொன்னார்.”

“என்ன நடவடிக்கை?”

“உரிய நடவடிக்கை.”

“யாரு எடுப்பாங்க?”

“எடுக்கப்படும்.”

“நேத்தும் இதத்தானே சொன்ன?”

“நேத்தும் அவர் இதைத்தான் சொன்னார். நான் என்ன செய்ய, இல்லாததைச் சமைச்சா போட முடியும்?”

ஒன்பது மழைக்காலம் இப்படிக் கேட்டுக் கேட்டு, உலகப்பர் தொண்டையைச் செருமும் விதத்திலேயே அடுத்து எந்த வாக்கியம் வரப்போகிறது என்று வெள்ளாயிக்குத் தெரிந்துவிடும். ஒரு செருமல் என்றால் குழு அமைக்கப்படும். இரண்டு என்றால் முந்தைய ஆட்சியின் அவலம். செருமாமல் பேசினார் என்றால் வளர்ச்சிப் பாதை.

கரையின் நடுவே நின்ற மதகுக் கல்லின் விரிசலில்தான் அவளுடைய இரண்டு முட்டைகள் இருந்தன. பல்லி முட்டை ஒட்டிய இடத்தில் ஒட்டியதுதான். பெயர்த்தால் உடையும், தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை. கரை நின்றால் முட்டை நிற்கும். மழையோ தெற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

கசிவைப் பார்த்த கையோடு நேரே உலகப்பர் வீட்டுக்குப் போனாள். அவர் பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஊர்வன இனத்தில் அவர் அவளுக்குச் சித்தப்பா முறை.

“சித்தப்பா, கரை கசியுது. நண்டு வளைங்க நீளமாயிட்டு வருது. பத்துப் பேர் மண் சுமந்தா இன்னைக்கே அடைச்சிரலாம்.”

உலகப்பர் கண்ணைத் திறக்கவில்லை. “உன் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்.”

“கோரிக்கை இல்ல சித்தப்பா. ஓட்டை.”

“ஓட்டைகள் அற்ற குளம் என்பதே நம் இலக்கு.”

உள்ளேயிருந்து சித்தி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நத்தை ஆறிப்போகுது. சாப்பிட வர்றீங்களா, இல்லையா?”

“அனைத்துத் தரப்பினரையும் கலந்தாலோசித்து விரைவில் நல்ல முடிவு எடுக்கப்படும்.”

சித்தி வெள்ளாயியைப் பார்த்துக் கையை விரித்தாள். “கல்யாணத்தன்னைக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கும் இதேதான் சொன்னார்டி. இன்னும் முடிவு வரல.”

முட்டைகளைப் பற்றி வெள்ளாயி வாயைத் திறக்கவில்லை. உடும்புக்கு முன்னால் முட்டை என்ற சொல்லை எடுப்பது எந்தக் காலத்திலும் ஆபத்து. பள்ளத்துக்கு இறங்கினாள்.

அவள் கசிவைச் சொன்னதும் சடையன் இரண்டாம் முறை கேட்கவில்லை. “அவரு பரிசீலிக்கட்டும். நமக்குக் கால் இருக்கு, மண் இருக்கு” என்றான். மறுநாள் காலைக்குள் பள்ளத்து முயல்களும் எலிகளும் களிமண்ணை உருட்டித் தயாராக வைத்துவிட்டன. ஆனால் கரை பொதுச்சொத்து. சபையில் ஒரு வார்த்தை சொல்லாமல் கை வைத்தால் பின்னால் வம்பு வரும் என்று பெரிய எலி ஒன்று சொன்னது. சரி, சொல்லிவிட்டே போவோம் என்று எல்லோரும் ஆளுக்கொரு மண்ணுருண்டையோடு மண்டபத்துக்கு ஏறினார்கள்.

வெள்ளாயி கூரையில் தன் இடத்தில் தொங்கினாள். வெளியே காற்று நின்றிருந்தது. மழைக்கு முன் நிற்கிற நிற்பு.

“தலைவரே,” என்றான் சடையன், உருண்டையைக் கீழே வைக்காமல். “கரைய நாங்களே அடைச்சிக்கிறோம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். நேரமில்ல.”

உலகப்பருக்கு முதுகுச் செதில் சிலிர்த்தது. இவர்களே அடைத்துவிட்டால் நாளை தலைவர் எதற்கு என்ற கேள்வி வரும். அவர் பீடத்தில் ஏறினார். ஒருமுறை செருமினார். வெள்ளாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

“குளத்துப் பெருங்குடி மக்களே! கரைப் பிரச்சினையை ஆராய உயர்மட்டக் குழு அமைக்கப்படும். குழுவின் அறிக்கை கிடைத்தவுடன் போர்க்கால அடிப்படையில் பணிகள் முடுக்கிவிடப்படும்.”

பக்கத்தில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. அது எதற்கும் ஆட்டும், அந்தக் கதை வேறு.

இரண்டுமுறை செருமினார். “முந்தைய ஆட்சியில் இந்தக் குளம் எப்படி இருந்தது என்பதை நாடறியும். அவர்கள் விட்டுச்சென்ற கசிவுதான் இது.”

எதிர்ப்பக்கம் இருந்த கீரி மாரப்பன் துள்ளி எழுந்தார். “இது மக்கள் விரோதப் போக்கு! நாங்கள் ஆட்சிக்கு வந்தால் இந்தக் குளத்தில் பாலும் தேனும் ஓடும்! இதைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்!” வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு வாசலால் போய், நனையாமல் மறு வாசலால் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“தலைவரே, மண்ணு காயுது” என்றான் சடையன்.

உலகப்பர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “கசிவுக்குக் காரணமானவர்கள் யாராக இருந்தாலும் இரும்புக்கரம் கொண்டு அடக்கப்படுவார்கள். சட்டம் தன் கடமையைச் செய்யும். யாரும் சட்டத்தைக் கையில் எடுக்கவேண்டாம்.”

“நாங்க மண்ணத்தானே எடுத்தோம்?” என்றது ஒரு சுண்டெலி.

“மண்ணின் மைந்தர்களுக்கு,” என்றார் உலகப்பர், சொல் கிடைத்த மகிழ்ச்சியில், “உரிய நடவடிக்கை...”

அவர் முடிப்பதற்குள் வெள்ளாயியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை. ஒன்பது மழைக்காலமாக அடக்கி வைத்திருந்தது நாக்கு நுனியில் வந்து சொடுக்கியது.

“ச்சு. ச்சு. ச்சு.”

எல்லாத் தலைகளும் கூரையைப் பார்த்தன. உலகப்பரும் பார்த்தார். அவர் பெரிய அறிவாளி இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

“கேட்டீர்களா?” என்றார், கையை உயர்த்தி. “நான் சொன்னேன். பல்லியே சொல்லிவிட்டது!”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பொய் சொல்லாத பல்லி. கூட்டியும் குறைத்தும் பேசாத பல்லி. அது உச்சியிலிருந்து ஒத்து ஊதுகிறது என்றால் பிறகென்ன? ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக முன்னங்காலால் தரையைத் தட்டுவது அந்தச் சபையின் வழக்கம். ஒருவர் தட்டினார். இருவர் தட்டினார்கள். மண்டபம் முழுக்கத் தட்டியது.

“ச்சு!” என்றாள் வெள்ளாயி, தலையில் அடித்துக்கொண்டு.

“மறுபடியும் வழிமொழிகிறது!”

“பால், தேன் என்று நான் சொன்னதற்குத்தான் அது!” என்று கத்தினார் மாரப்பன். அவருடைய ஆட்கள் தனியாகத் தட்டினார்கள்.

சடையன் அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கவலை கரைவதை வெள்ளாயி மேலிருந்தே பார்த்தாள். “நீயே சொல்லிட்டியா வெள்ளாயி? அப்பச் சரி” என்றான். மண்ணுருண்டையைத் தரையில் வைத்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

வெள்ளாயி தூண் வழியாக விழுந்தடித்து இறங்கினாள். “நான் சொல்லல! சலிச்சுப்போய் நாக்கைச் சொடுக்கினேன்! மண்ணை எடுங்க, கரைக்கு ஓடுங்க!”

முதல் வரிசைக்குக்கூட அது கேட்டிருக்காது. தட்டும் சத்தம் அப்படி. அதற்குள் உலகப்பர் அவள் வாலை எட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். “எங்கள் குடும்பத்துப் பிள்ளை! கூச்ச சுபாவம்! அடித்தட்டு மக்களின் குரல் இது!” என்று கூட்டத்துக்கு நாலாபக்கமும் காட்டினார்.

மழை கொட்டத் தொடங்கியது. தலைகீழாகத் தொங்கிய வெள்ளாயிக்கு மண்டபத்து வாசல் வழியே கரை தெரிந்தது. மதகுக் கல்லுக்குப் பக்கத்தில் கசிவு இல்லை இப்போது. வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“சித்தப்பா, விடுங்க.”

“விடியல் பிறக்கும்!”

“சித்தப்பா, என் முட்டை அங்க இருக்கு.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவரிடம் வாக்கியம் எதுவும் இல்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்தார், செருமினார், “தாய்க்குலத்தின் நலனே இந்த ஆட்சியின் உயிர்மூச்சு!” என்றார். பிடி இறுகியது.

உடும்புப் பிடியிலிருந்து யாரும் விடுபட்டதில்லை. வெள்ளாயி பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கி ஒரு திருகு திருகினாள். வால் கையில் நின்றது. அவள் தரையில் விழுந்து ஓடினாள்.

அறுந்த வால் உலகப்பரின் கையில் துள்ளியது. கூட்டம் வாய் பிளந்து அதையே பார்த்தது. “பாருங்கள் எழுச்சியை!” என்றார் உலகப்பர். வால் தங்கள் பக்கமாகத்தான் துடிக்கிறது என்று மாரப்பன் வாதிட்டார். வால் துடித்து ஓயும்வரை அந்த விவாதம் நடந்தது. ஓடிய பல்லியை யாரும் பார்க்கவில்லை.

கரையும் பள்ளமும் பிரியும் இடத்தில் வெள்ளாயி நின்றாள். இடப்பக்கம் மதகுக் கல். வலப்பக்கம் வளைகள். சபைக்கு வர முடியாத குட்டிகளும் கிழங்களும் அவற்றில்தான் இருந்தார்கள். கரைக்கு ஓடி அவள் ஒருத்தி எதை அடைக்க முடியும்? வலப்பக்கம் திரும்பினாள்.

“வெளிய வாங்க! கரை போகுது!”

ஒரு கிழட்டு முயல் தலையை நீட்டியது. “எல்லாம் சரியாயிடும்னு நீயே சபையில சொன்னியாமே? இப்பத்தான் ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு.”

“நான் சொல்லல தாத்தா! ஏறுங்க மேல!”

வளைக்கு வளை வாயை வைத்துக் கத்தினாள். மழைச் சத்தத்தைத் தாண்டிக் கத்தினாள். நம்பாதவர்களைத் திட்டினாள், நம்பியவர்களை விரட்டினாள். குட்டிகள் மேடேறின. கிழங்கள் மேடேறின. கடைசி வளையில் அவள் தொண்டைக்குள் ஏதோ அறுந்தது. அதே நேரம் கரையும் உடைந்தது.

யாரும் சாகவில்லை. வளைகள் எல்லாம் போயின. மதகுக் கல் நின்ற இடத்தில் மதகுக் கல் இல்லை.

மூன்றாம் நாள் மழை விட்டதும் உலகப்பர் வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வந்தார். உடைந்த இடத்திலிருந்து எட்டவே நின்று பார்வையிட்டார். “எதிர்பாராத இயற்கைப் பேரிடர்” என்றார். மாரப்பன் எதிர்க்கரையில் நின்று பார்வையிட்டு, “அப்போதே எச்சரித்தோம்” என்றார்.

“எதிர்பாராததா?” என்றான் சடையன். சேறு அவன் காதுவரை இருந்தது. “மண்ணோட வந்து நின்னோமே!”

“தம்பி,” என்றார் உலகப்பர், மிகுந்த பொறுமையோடு. “முடிவு நான் மட்டும் எடுத்ததல்ல. பல்லியும் ஆமோதித்த முடிவு. அதையே கேளுங்கள்.”

எல்லோரும் வெள்ளாயியைப் பார்த்தார்கள். அவள் உடைப்பின் ஓரத்தில், ஒரு கல்லின் மேல், வால் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கு அன்று அவளிடம் நிறைய இருந்தது. ஒன்பது மழைக்காலத்தில் முதல்முறையாகச் செய்தி இருந்தது. வாயைத் திறந்தாள்.

“ச்சு. ச்சு. ச்சு.”

“பார்த்தீர்களா?” என்றார் உலகப்பர்.

சடையன் மட்டும் தரையைத் தட்டவில்லை.

அவளுக்கு வால் மீண்டும் முளைத்தது. குரல் முளைக்கவில்லை. விலங்குகளின் சபை இருக்கும் பக்கமே வேண்டாம் என்று குளத்தை விட்டு மனிதர்களின் வீட்டுச் சுவர்களில் குடியேறினாள். மனிதர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று அவள் நம்பியிருக்க வேண்டும்.

பிடித்தால் பல்லி வாலை விட்டு ஓடுவதும், நாம் கதை அளக்கும்போது சுவரிலிருந்து சலித்துக்கொள்வதும், அந்தச் சலிப்பை நாம் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு, “பல்லியே சொல்லிடுச்சு” என்று விரலால் தரையைத் தட்டுவதும் அந்த ஐப்பசியிலிருந்து வந்த பழக்கங்கள்தான்.

போன ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, ஓர் ஊரின் சமுதாயக்கூடத்தில், ஏரிக்கரை போர்க்கால அடிப்படையில் பலப்படுத்தப்படும் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது குழல்விளக்குக்குப் பின்னாலிருந்து பல்லி சத்தமிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தட்டிக்கொண்டார்கள். கரை பத்தொன்பதாம் தேதி உடைந்தது.