சபை விளக்கை அணைத்தவள்

மணலிக்கோட்டையில் வீரபூபாலர் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். யாரையும் நம்ப மாட்டார், அது ஒன்றுதான் குறை. எதிரே நிற்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கென்றே வந்து சேர்ந்தாள் வடிவாம்பாள். சின்னப் பெண். பக்கத்தில் இருப்பவர் மனசில் நினைப்பது அவள் காதில் பேச்சாகவே விழும். ஊரில் அவள் தெருவில் வந்தாலே கதவைச் சாத்துவார்கள். சாத்தினால் மட்டும் கேட்காமலா போகும்? உள்ளே இருந்து மனசுக்குள் வைததும் கேட்கத்தான் செய்தது. அரண்மனையில்தான் முதல்முதலாக ஒருவர் அவளை "வா அம்மா, உட்கார்" என்றார். சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு மணை போட்டார்கள். வருகிற தூதர்களின் மனசைக் கேட்டு, பிறகு ராஜாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அதுதான் உத்தியோகம்.

ஒரே ஒரு சிக்கல். நினைப்பு எது, பேச்சு எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுவாள்.

முதல் நாளே பக்கத்து ராஜ்ஜியத்துத் தூதர் வந்தார்.

"தங்கள் வீரம் எட்டுத் திக்கும் பரவியிருக்கிறது, மகாராஜா" என்று கைகூப்பினார்.

சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஒட்டு மீசை இல்லை ஐயா. சொந்த மீசைதான்."

தூதர் அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ராஜா மீசையைத் தடவிக்கொண்டே, "பெண்ணே, வாய் அடங்கினால் வேலை. இல்லையென்றால் உன் ஊருக்கே போய்விடு" என்றார்.

வடிவாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் அந்தச் சாத்தின கதவுகளிடமா? மாட்டவே மாட்டேன் என்று தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சந்தையில் போய் உட்கார்ந்தாள். சந்தையில் வாயும் மனசும் ஒரே விலை சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. "உனக்காக அடக்க விலைக்குத் தர்றேன் தாயீ" என்பான் கத்தரிக்காய்க்காரன். "அடப் பொய்யா!" என்று இவள் வாயைத் திறப்பாள். அவ்வளவு தண்ணீரும் முந்தானையில். ஆடி முழுக்க நனைந்த சேலையோடுதான் அரண்மனைக்குத் திரும்பினாள். ஆவணியில் ஒரு நாள் காய்ந்த சேலையோடு வந்தாள். "பேஷ்!" என்றார் ராஜா.

பிரதானி அகோரமூர்த்திக்கு இது பிடிக்கவில்லை. அவர் சதிகாரர் ஒன்றுமில்லை. தினமும் ராஜாவை மனசுக்குள் திட்டுவார், அவ்வளவுதான். சத்தமில்லாமல் எத்தனையோ காலமாகத் திட்டிக்கொண்டிருந்த மனுஷருக்கு இப்போது இப்படியொரு இடைஞ்சல்.

ஒரு நாள் சபை கூடியதிலிருந்து பிரதானியேதான் பேசினார். ராஜாவின் புகழ், ராஜாவின் பாட்டனார் புகழ் எல்லாம் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் பெண்ணைச் சோதிக்க வேண்டாமா, மகாராஜா? தாங்கள் ஒன்றை நினையுங்கள். இவள் அதைக் கண்டுபிடிக்கட்டும். தவறினால் பித்தலாட்டக்காரி என்று நாடு கடத்துவோம்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

"ஆனால் மன்னர் மனசில் உள்ளதைச் சபையில் வாய்விட்டுச் சொன்னால் அது ராஜ ரகசியத்தை வெளியிட்ட குற்றம். நாக்கை அறுத்துவிட வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சபையில் கொடுத்த வாக்கு, திரும்ப வாங்க முடியாது.

வடிவாம்பாள் வசமாக மாட்டிக்கொண்டாள். சொன்னால் நாக்கு போகும். சொல்லாவிட்டால் இருக்கிற ஒரே இடமும் போகும்.

ராஜாவுக்கும் முகமெல்லாம் வியர்த்தது. கால் மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார்" என்று சபைக்கு அறிவித்தார் பிரதானி.

அந்தச் சிந்தனை வடிவாம்பாள் காதில் பறை அடித்த மாதிரி விழுந்தது. அது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் நாக்கு வேண்டும்.

மணலிக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. சபை விளக்கு எரிகிற வரை ராஜா சிம்மாசனத்தை விட்டு எழக்கூடாது. நடுவில் விளக்கு அணைந்துபோனால் மட்டும் அவர் அந்தப்புரம் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து திரும்ப ஏற்றலாம்.

வடிவாம்பாள் எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக விளக்கிடம் போனாள். ஒரு பூவை எடுத்துத் திரியை அமர்த்தினாள்.

சபையே "ஐயையோ!" என்றது. ராஜா எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் அங்கே இல்லை. போன வேகத்தில் கிரீடம் மட்டும் ஆசனத்தில் தங்கிவிட்டது.

"அபசகுனம்! பிடியுங்கள் அவளை!" என்று கத்தினார் பிரதானி. காவலர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ராஜா நிதானமாக நடந்து வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி முகம் தெளிந்திருந்தது. விளக்கை ஏற்றினார். கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"விடுங்கள் அவளை. கண்டுபிடித்துவிட்டாள். வெளியே சொல்லவும் இல்லை. இன்று முதல் இவள் உத்தியோகம் நிரந்தரம். அந்த மணையை எடுத்துவிட்டு நல்ல ஆசனமாகப் போடுங்கள்."

வடிவாம்பாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

பிரதானிக்குத்தான் பொறுக்கவில்லை. "இவள் வாயையே திறக்கவில்லையே மகாராஜா! கண்டுபிடித்தாள் என்று சபைக்கு எப்படித் தெரியும்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரதானியாரே, இவள் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், மனசைக் கேட்கத் தெரியாத உங்கள் எல்லாருக்குமே தெரிந்திருக்கும்."