இரண்டு பேர் படகில் மூன்றாம் இருக்கை

ரயிலும் அதில் இடம் பிடிக்கிற தொல்லையும் பிறக்காத முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அந்த ஆற்றில் அரசுப் படகு ஒன்று ஓடியது. பயணிகளுக்கு அதில் இரண்டே இருக்கைகள். வழியில் நான்கு துறைகள். அவற்றுக்கு நல்ல நல்ல பெயர்கள் உண்டு. நமக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும்.

ஒருநாள் நீராடப் போன ராஜா, படகில் ஓர் இருக்கை காலியாகப் போவதையும், இடம் கிடைக்காத ஒருவன் கரையில் நிற்பதையும் பார்த்துவிட்டார். அன்றே ஆணை பிறந்தது.

"இடம் கேட்டு வருபவனுக்கு அந்தக் கணமே இருக்கை எண்ணைச் சொல்லவேண்டும். சொன்ன எண்ணை மாற்றலாகாது. போகும் வழியெல்லாம் ஓர் இடம் காலியாக இருந்தும் ஒருவனைத் திருப்பி அனுப்பினால், அனுப்பியவன் நாட்டை விட்டே போகவேண்டும்."

"இந்த வேலைக்கு நம் விகடகவி கூத்தபிரானே தகுந்தவர்" என்றார் அமைச்சர் மாறநம்பி. அவையில் அமைச்சர் பக்கத்திலேயே கூத்தபிரானுக்கு ராஜா ஆசனம் போட்டதிலிருந்து அமைச்சருக்குப் பொறாமையில் தூக்கம் கிடையாது.

கூத்தபிரான் முதல் துறையில் போய் உட்கார்ந்தான். நாளைய படகுக்கு முதலில் வந்தவன் ஒன்றாம் துறையிலிருந்து இரண்டுக்குப் போகவேண்டும் என்றான். அவனுக்கு ஒன்றாம் இருக்கை என்று சொல்லியாயிற்று. அடுத்து வந்தவன் மூன்றிலிருந்து நான்குக்குக் கேட்டான். அவனுக்குப் பின்னால், மரத்தடியில் மூன்று பேர் வேலையில்லாமல் நிற்பது கூத்தபிரான் கண்ணில் பட்டது.

"நீங்க எங்கேய்யா போகணும்?"

அவர்களில் தடியன் ஒருவன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "இவருக்கும் அதே இருக்கையைக் குடுத்தீங்கன்னா இவங்க ரெண்டு பேரும் வருவாங்க. வேற இருக்கை குடுத்தீங்கன்னா, நான் இங்கேருந்து கடைசித் துறைக்குக் கேக்கணும். மந்திரி ஐயா அப்படித்தான் சொல்லியிருக்காரு."

கூத்தபிரான் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். வேறு இருக்கை என்றால், தடியனுக்கு ஒன்றாம் இருக்கை தொடக்கத்தில் காலி இல்லை, இரண்டாம் இருக்கை முடிவில் காலி இல்லை. அதே இருக்கை என்றாலும், மற்ற இருவரில் ஒருவன் ஒன்றிலிருந்து மூன்றுக்கும் அடுத்தவன் இரண்டிலிருந்து நான்குக்கும் கேட்டால் ஒருவனைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்; அமைச்சர் அப்படிக் கணக்காகத்தான் ஏவியிருப்பார். காலி இடமோ வழி முழுக்கக் கூடவே பயணம் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த நாட்டுக்குப் போவது?

பக்கத்தில் படகோட்டி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வெயில் மேலே பட்டதும், உட்கார்ந்திருந்த மணையைத் தூக்கி நிழலில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்ததும் கூத்தபிரான் முகம் தெளிந்தது.

"உமக்கு இரண்டாம் இருக்கை" என்றான். தடியன் உடனே முன்னால் வந்து கடைசித் துறைக்கு இடம் கேட்டான். "உமக்கு மூன்றாம் இருக்கை" என்றான் கூத்தபிரான்.

மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த அமைச்சர் அரண்மனைக்கு ஓடினார். "அரசே, இரண்டு பேர் படகில் மூன்றாம் இருக்கை கொடுத்திருக்கிறான்."

மறுநாள் ராஜா குதிரையில் வந்தார். படகில் ஆணியடித்திருந்த இருக்கைப் பலகைகள் இரண்டையும் காணோம். முதல் பயணியும் தடியனும் ஆளுக்கொரு மணையோடு ஏறினார்கள். மணைகளில் ஒன்று, மூன்று என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. ராஜா கூத்தபிரானையும் அமைச்சரையும் கூட்டிக்கொண்டு கரையோடே கூடப் போனார். இரண்டாம் துறையில் முதல் பயணி தன் மணையை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான். மூன்றாம் துறையில், இரண்டாவதாக இடம் கேட்டவன் இரண்டாம் எண் மணையோடு ஏறி, முதல் பயணி இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தான். தடியன் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"இருக்கைகளைப் பிடுங்கிவிட்டாயா?" என்றார் ராஜா.

"ஒருவருக்கும் எண் மாறவில்லை அரசே. இருக்கை படகை விட்டு இறங்கலாகாது என்று ஆணையில் இல்லை. நாற்பது பேர் வந்தாலும் நாற்பது மணை செய்வேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். பிறகு, ஏவியது யார் என்று தடியனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு மாறநம்பி பக்கம் திரும்பினார்.

"அமைச்சரே, நாளை முதல் உமக்கும் ஒரு மணை. மற்றவர்கள் உட்கார்ந்தது போக, அவையில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளும்."

மறுநாள் பொழுது விடியும் முன்பே, மாறநம்பி மணையும் கையுமாக அவை வாசலில் வந்து நின்றார்.