ஒரு சொட்டின் கணக்கு

எங்கள் கிணற்றில் குரோமியம் கலந்துவிட்டது என்று புகார் போனதும், தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி தனகோபால் ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். அவர் குடிப்பதற்குக் கேன் தண்ணீரும் கூடவே வந்தது.

“ஒரு லிட்டர்ல புள்ளி வச்சு, நாலு சைபர் போட்டு, அப்புறம் ஒண்ணு. கெமிஸ்ட்ரிக் கணக்குல அவ்வளவு மோல்தான் குரோமியம் இருக்கு. இதுக்கா இந்தக் கத்து கத்துறீங்க? அது விஷம்னு யாராவது எனக்குக் காட்டுங்க, ஷாப்பையே இழுத்து மூடுறேன்.”

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் பெயிலாகி, அவரிடமே தோல் அலசும் ரெபேக்கா எழுந்தாள். கிணற்றுத் தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து, கேன் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த அவருடைய டம்ளருக்கு மேலே பிடித்தாள்.

“ஒரே ஒரு சொட்டுதான் முதலாளி. இதுக்கு இன்னும் அஞ்சு சைபர் சேர்த்துக்குங்க.”

சட்டென்று அவர் கை டம்ளரை மூடியது.

“மோல்ல சொன்னா ஒண்ணுமே இல்ல. அணு அணுவா எண்ணினா இந்தச் சொட்டுலயே மூணு கோடி கோடி. உங்க கை எந்தக் கணக்குல மூடுச்சு?”

ஊரே சிரித்தது. முதலாளி எழுந்து போனார். கேனும் அவர் காரிலேயே ஏறிப் போனது.

சிரித்துச் சிரித்து எங்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கிணற்றுக்குப் போனோம்.