பக்கத்து லாரிக்காரர்

வெகுகாலத்துக்கு முன்பு அல்ல, நேற்று முந்தாநாள் கதைதான். சங்ககிரியில் பத்துச் சக்கர லாரி ஒன்று இருந்தது. அதற்குப் பேச வரும். ஆனால் வெட்டிப்பேச்சு பேசாது. பதினாறு வருஷமாக அதை ஓட்டிய நல்லசிவத்துக்கு அதன் பேச்சு புரியும்.

ஒருநாள் கம்பெனி மேனேஜர் நல்லசிவத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவனுக்கு அதுவரை நின்றுதான் பழக்கம்.

"இனி சம்பளம் கிடையாது நல்லசிவம். வண்டியை உங்க பேருக்கே மாத்தித் தர்றோம். நீங்க டிரைவர் இல்லை, ஒப்பந்தக்காரர். லோடு எங்கேன்னு இது சொல்லும்" என்று ஒரு கைபேசியை நீட்டினார்.

கைபேசி தேனொழுகப் பேசியது. "வணக்கம் முதலாளி. இஷ்டப்பட்டா ஓட்டுங்க, இல்லாட்டி படுத்துத் தூங்குங்க. உங்களை அதிகாரம் பண்ண ஆளே இல்லை."

நல்லசிவம் நேரே வண்டியிடம் போனான். "இனி நீ என்னுது" என்றான்.

"டயர் வெடிச்சா?" என்று கேட்டது லாரி.

"நான்தான் பாத்துக்கோணும்."

"நான் சும்மா நிக்கிற நாளுக்கு?"

நல்லசிவம் முன்கண்ணாடியைத் துடைத்தான்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. தூத்துக்குடியில் உப்பு ஏற்றிச் சேலத்தில் இறக்கினான். டன்னுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் வாடகை. பிறகு டீசல் விலை ஏறியது, வாடகை இறங்கியது. தூத்துக்குடி யார்டில் நாற்பது லாரிகள் லோடுக்குக் காத்து நின்றன; ஒவ்வொரு டிரைவர் கையிலும் அதே மாதிரி கைபேசி.

"முதலாளி, பக்கத்து லாரிக்காரர் தொள்ளாயிரத்துக்கு ஒத்துக்கிட்டார்" என்றது கைபேசி. "நீங்க எண்ணூத்தைம்பதுன்னா லோடு உங்களுக்கு."

"அது டீசலுக்கே பத்தாது."

"கட்டாயம் இல்லை முதலாளி. உங்க இஷ்டம்."

நல்லசிவம் 'சரி'யை அழுத்தினான். அடுத்த வாரம் பக்கத்து லாரிக்காரர் எண்ணூறுக்கு ஒத்துக்கொண்டதாகக் கைபேசி சொன்னது. எழுநூற்றைம்பதுக்கு இவன் 'சரி' சொன்னான். தூக்கத்தைக் குறைத்தான். தேய்ந்த டயரோடு ஓட்டினான். வழியில் ஒரு வளைவில் லாரி வழுக்கியபோது, "என்னை மட்டும் இல்லை, உன்னையும் சேத்துத் தேய்க்கிறே" என்றது அது.

பக்கத்து லாரி சவரிராயனுடையது. தூத்துக்குடி உள்ளூர்க்காரன். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில்தான் சோறு பொங்குவார்கள். இப்போது நல்லசிவத்துக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. மறுவாரம் கைபேசி, "பக்கத்து லாரிக்காரர் எழுநூறு" என்றதும் இறங்கிப் போய்ச் சவரிராயன் சட்டையைப் பிடித்தான். உதடு கிழிய அடித்தான்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து ஏறியவனிடம் லாரி சொன்னது: "நீ அடிச்ச ஆள் எழுநூறுக்கு ஒத்துக்கலை. மூணு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன்னு அவன் வண்டி அழுவுது. நாங்க மனுஷங்ககிட்டப் பேச்சுக் கத்துக்கிட்டவங்க இல்லை. எங்களுக்குப் பொய் வராது."

நல்லசிவம் மறுபடியும் இறங்கிச் சவரிராயனிடம் போனான்.

சவரிராயன் துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தான். "இன்னும் அடி பாக்கி இருக்கோ?"

"இல்லீங்க. எழுநூறுக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"நானா? நீருதான ஒத்துக்கிட்டீரு. என் போன் அப்படித்தான் சொல்லிச்சு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடித்த கையாலேயே நல்லசிவம் கைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"எழுநூறுக்கு ஒத்துக்கிட்டது யாரு?"

"சந்தை, முதலாளி."

"ஆளைக் காட்டு."

"சந்தைக்கு ஆள் கிடையாது முதலாளி. ஏறும், இறங்கும். மழை மாதிரி."

"மழை எங்கிட்ட வந்து பக்கத்து வூட்டுக்காரனைப் பத்திக் கோள் சொல்லலையே" என்றான் நல்லசிவம்.

கைபேசியின் குரலில் தேன் வற்றியது. "அதிகம் பேசினா உங்க பேரு வரிசையில கடைசிக்குப் போயிடும்."

நல்லசிவம் யார்டின் நடுவில் போய் நின்றான். டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டான். சவரிராயனை எதற்காக அடித்தேன் என்பதை மறைக்காமல் சொன்னான். "அடுத்த லோடு வர்றபோது போனைக் காதுல வெக்காதீங்க. சத்தமா வையுங்க. எல்லாரும்" என்றான்.

நாற்பது பேரும் உச்சி வெயிலில் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

லோடு வந்தது. நாற்பது கைபேசிகளும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரே இனிப்போடு சொல்லின: "முதலாளி, பக்கத்து லாரிக்காரர் அறுநூத்தைம்பதுக்கு ஒத்துக்கிட்டார்."

நாற்பது பேரும் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் விரலும் 'சரி'யைத் தொடவில்லை.

அப்போது யார்டு அதிர நாற்பது ஹாரன்கள் ஒன்றாக அலறின. வண்டிகளுக்குள் அப்போது ஒரு டிரைவர்கூட இல்லை.