ஒரு கூடை மண்ணுக்கு ஒரு குலவை

ஒரே ஒரு ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே, செம்பாயி என்று ஒருத்தி இருந்தாளாம். அந்த ஊர் ராசாவுக்குக் கொடுப்பதென்றால் கொள்ளை ஆசை. ஐப்பசியில் ஏரி உடையும், வீடு போகும், மாடு போகும், அப்புறம் ராசா யானைமேல் வருவார், சேலை கொடுப்பார், அரிசி கொடுப்பார், பெண்கள் குலவை போடுவார்கள், ராசா மனம் குளிர்ந்து திரும்புவார். ஒரு வருசம் இப்படி, மறு வருசம் இப்படி, அதற்கும் மறு வருசம் இப்படியே. உடைந்த இடத்தில் மட்டும் பேருக்கு நாலு கூடை மண்.

நாலாம் வருசம் செம்பாயியின் மகளுக்குத் தலைப்பிரசவம், ஐப்பசியில்தான் நாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? "தண்ணிக்குள்ள பிள்ளை பெறவா மகளை வளர்த்தேன்?" என்று சித்திரை வெயிலிலேயே ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனாளாம்.

"மகாராசா, இந்த வருசத்து வெள்ள நிவாரணத்தை இப்பவே குடுங்க."

ராசா சிரித்தாராம். "வெள்ளமே வரலையே தாயி."

"வந்தப்புறம் குடுத்தா அழுதுகிட்டே திம்போம். இப்பக் குடுத்தா, தின்னுட்டுக் கரையை ஒசத்துவோம். அரிசி அதே அரிசிதான், வீடு மிச்சம்."

மந்திரி தானாபதி குறுக்கே விழுந்தார். "மழை வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்? வராத வெள்ளத்துக்குச் செலவா? அதுவும் போக மகாராசா, பசிச்சவன் உங்களைக் கும்பிடுவான். மண்ணு கும்பிடுமா?"

ராசாவின் முகம் வாடிவிட்டது. பாவம், அவர் கொடுப்பதே குலவைக்காகத்தானே.

செம்பாயி அந்த முகத்தைப் பார்த்தாளாம். "கும்பிட நாங்க இல்லையா? நீங்க ஆனையோட கரைமேல வாங்க. ஒரு கூடை மண்ணுக்கு ஒரு குலவை."

ராசா அரண்மனைக் கிடங்கு அரிசியை அளந்து கொடுத்துவிட்டு யானையோடு வந்தார். மண் விழுந்தது, குலவை எழுந்தது, இந்தக் கோடிக்குப் போனார். மண் விழுந்தது, குலவை எழுந்தது, அந்தக் கோடிக்குப் போனார். மண் விழுந்தது, குலவை எழுந்தது, திரும்பவும் வந்தார். குலவை கேட்ட இடத்துக்கெல்லாம் அவர் போகப் போக, போட்ட மண்ணையெல்லாம் யானை மிதித்துக் கல்லாக்கிவிட்டது. சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஐப்பசி வந்தது. வானம் கொட்டித் தீர்த்தது. ஏரி ததும்பி, மிச்சத் தண்ணீர் போகக் கட்டிய கலிங்கு வழியாக வழிந்து ஓடியது, கரை அசையவில்லை. காய்ந்த தரையில், காய்ந்த பாயில், செம்பாயிக்குப் பேத்தி பிறந்தாள். ஊரே குலவை போட்டது.

மழை விட்டதும் மந்திரி ஓடி வந்தாராம். "மகாராசா, நிவாரணத்துக்குன்னு நான் வாங்கி வச்ச அரிசி கிடங்கு கிடங்கா மக்குது. வருசா வருசம் எடுத்துக்கிற வெள்ளத்து விலைக்கே அரண்மனை எடுத்துக்கணும்."

"எப்ப வாங்கினீர்?"

"பங்குனியிலே, விலை மலிவா இருந்தப்போ."

"மழை வருமா வராதான்னு யாருக்கும் தெரியாதுன்னு சித்திரையிலே சொன்னீரே?"

ராசா செம்பாயியைக் கூப்பிட்டு, இவருக்கு என்ன தண்டனை என்று கேட்டாராம்.

"தண்டனை எதுக்கு மகாராசா? பழைய உடைப்புக்கு நேர் கீழே ஒரு வீடு கட்டிக் குடுங்க. குடும்பத்தோட இருக்கட்டும்."

கொடுத்தார்கள். அன்றிலிருந்து வெயில் தலைகாட்டினால் போதும், ஊருக்கு முன்னால் மண்வெட்டியோடு கரையில் நிற்பது மந்திரிதானாம்.

ஏரி நிறைந்தது, கரை நின்றது, கதையும் நின்றது. அழுதபின் கொடுக்கிறவரைக் கும்பிடுமுன், நாம் அழாதிருக்க அவர் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.