முரசடிப்பவனும் வேலையாள்தானே

முன்னொரு காலத்தில் கோதண்டவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். நல்லவர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அரண்மனை வேலையாட்களோடு மன்னர் மனம்விட்டுப் பழக வேண்டும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். போட்டவன் நன்றாயிருக்கட்டும். அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் சமையற்காரர், யானைப்பாகர், வண்ணார், தோட்டக்காரர் எல்லோரும் முற்றத்து வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. "நீங்கள் வேலையாட்கள் அல்ல, என் குடும்பம்" என்று தொடங்குவார் மன்னர். அவருடைய தாத்தா புலியைக் கொன்ற கதைவரை போவார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

கடைசியில், "குடும்பத்தாரே, குறை ஏதும் உண்டா?" என்பார். அவர் வாய் மூடுவதற்குள் முரசு முழங்கும். முழங்கினால் கூட்டம் முடிந்தது, அவரவர் வேலைக்கு ஓட வேண்டும். முழங்காமல் மன்னரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. அது முன்னோர் வகுத்த முறை. ஆக, கேள்வி உண்டு, பதிலுக்குத்தான் இடமில்லை. ஒருவருக்கும் குறையில்லை என்று மன்னர் மகிழ்ந்துபோய்ச் சாப்பிடப் போவார். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வருமா, வராதா?

மடைப்பள்ளியின் தலைமைச் சமையற்காரி வேலாத்தாளுக்கு நன்றாகவே வந்தது. அடுப்புகளுக்கு மேலே கூரையைத் தாங்கும் விட்டம் விரிசல் விட்டிருந்தது. மழை பிடித்தால் கூரை மொத்தமும் சமைப்பவர்கள் தலையில் இறங்கிவிடும். அமைச்சர் சூரியநம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். "மன்னர் கேட்கும்போது சொல்" என்று அவர் கையை உதறிவிட்டார். மன்னர் கேட்கும்போதெல்லாம் முரசு குறுக்கே வந்தது. கடைசியில் அவள் விகடகவி சடையாண்டியிடம் சொல்லி அழுதாள்.

ஒருநாள் மன்னர் சபையில் குறைப்பட்டுக்கொண்டார். "நான் இவ்வளவு பேசியும் அவர்கள் ஒரு வார்த்தை மறுமொழி சொல்வதில்லையே, ஏன்?"

சடையாண்டியைக் கண்டாலே வயிறெரியும் சூரியநம்பிக்கு. அவர் எழுந்து, "மன்னா, அடுத்த கூட்டத்தைச் சடையாண்டியே நடத்தட்டும். ஒருவர்கூடத் தங்களுக்கு மறுமொழி சொல்லாவிட்டால் சடையாண்டி நாட்டை விட்டு வெளியேறட்டும்" என்றார். முரசு இருக்கும்வரை எவன் வாய் திறப்பான் என்ற தைரியம் அவருக்கு. போதாதென்று ஓர் ஆணையும் சேர்த்தார். "வேலையாட்கள் அனைவரும் கைகட்டி நின்று கேட்க வேண்டும். முரசு முழங்குமுன் கையை எடுப்பவருக்குக் கசையடி."

"ஒருவர் விடாமலா, அமைச்சரே?" என்றான் சடையாண்டி.

"அரண்மனைச் சோறு உண்ணும் எவருக்கும் விலக்கில்லை."

வெள்ளிக்கிழமை வந்தது. மன்னர் பேசினார், புலியும் செத்தது. "குறை ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டு மன்னர் முரசுக்காகக் காத்திருந்தார். முரசு முழங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் முரசு தனியாக நின்றது. அதை அடிக்கும் மாசாணன் வண்ணாருக்கும் பாகனுக்கும் நடுவில் கைகட்டி நின்றான். சாமரம் வீசுபவர்களும் வரிசையில் நின்றார்கள். மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாசாணா, போய் முரசை அடி" என்று சீறினார் சூரியநம்பி.

"கையெடுத்தா கசையடின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றான் மாசாணன்.

அமைச்சர் தாமே முரசை நோக்கி விரைந்தார். "அமைச்சரும் அரண்மனைச் சோறுதானே உண்கிறார், மன்னா?" என்று சடையாண்டி பணிவாகக் கேட்டான். அமைச்சர் நின்ற இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டார்.

இறங்கவும் முடியாமல், பேசவும் விஷயம் தீர்ந்துபோய், மன்னர் மறுபடி கேட்டார். "சரி, குறை ஏதாவது இருக்கிறதா?"

வேலாத்தாள் தொண்டையைச் செருமினாள். "இருக்குதுங்க சாமி. மடைப்பள்ளி விட்டம் விரிஞ்சு கெடக்குது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. தெனமும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குச் சோறாக்கறோம்."

"பொய், மன்னா. நானே பார்த்தேன். விட்டம் உறுதியாக இருக்கிறது" என்றார் சூரியநம்பி.

"மறுமொழி வந்துவிட்டது, மன்னா. கையை எடுக்கச் சொன்னால் மாசாணன் அடிப்பான்" என்றான் சடையாண்டி. மன்னர் தலையசைத்தார், முரசு முழங்கியது. வழக்கம்போல் சாப்பிடப் போகாமல் மன்னர் நேரே மடைப்பள்ளிக்குப் போனார். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. விட்டத்திற்கு நேர் கீழே இலை போடச் சொன்னார்.

"உறுதியான விட்டம் என்றீரே, அமைச்சரே. உள்ளே போய் அமர்ந்து உண்ணும்."

சூரியநம்பி வாசற்படியைத் தாண்டவில்லை. "இன்று அடியேனுக்கு விரதம், மன்னா."

"எப்போது முடியும்?"

"தச்சர் வந்து போனதும் முடிந்துவிடும், மன்னா" என்றான் சடையாண்டி.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் வேலாத்தாளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அடுப்புகளை அப்போதே தோப்புக்கு மாற்றச் சொன்னார். புது விட்டம் ஏறும்வரை தச்சர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும்படி அமைச்சருக்கு உத்தரவிட்டார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றினார்.

"இதோடு வேறென்ன வேண்டும், சடையாண்டி? கேள்."

"வரும் வெள்ளிக்கிழமை எங்களோடு பேசாமல் இருக்க வேண்டும், மன்னா."

மன்னர் மறுபடியும் சிரித்து, இரண்டையும் கொடுத்தார்.