மூணுக்கு அப்புறம் ஆறு

ஆற்றங்கரையில் ஒரு ஊர் இருந்ததாம், அந்த ஊரில் பேச்சாயி என்று ஒருத்தி இருந்தாளாம். பேருக்கு ஏற்ற வாய். ஊரே நெசவு. ராஜாவுக்குப் பட்டு நெய்கிற பெரிய கொட்டகை ஒன்று, விடிந்தால் கைப்பிள்ளைகளோடு எல்லாரும் அதற்குள்ளே. பேச்சாயிக்கு மட்டும் பாறைமேல் வேலை. அங்கே ஓர் அண்டாத் தண்ணீரில், அடியில் பொத்தல் போட்ட செம்புக் கிண்ணம் மிதக்கும். அது நிறைந்து மூழ்கினால் ஒரு பொழுது, ஒரு பகலுக்கு ஆறு பொழுது. மூழ்க மூழ்க அவள் கூவ வேண்டும், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று. ஆறு என்று கூவினால்தான் கொட்டகைக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சடையன் பூட்டைத் திறப்பான். வேறு எதற்கும் அசைய மாட்டான்.

அவள் எண்ணோடு நிறுத்தினால்தானே! "ரெண்டு! வடக்கே கொக்கு போகுது, பாருங்கடி!" என்பாள். "மூணு! மேகம் ஒண்ணு யானைக்குட்டி மாதிரி!" என்பாள். உள்ளே முந்நூறு தலை நிமிரும், முந்நூறு இழை அறும். கண்காணி வேலப்பருக்குப் பொறுக்கவில்லை, மூச்சிரைக்கப் பாறை ஏறி வந்தார்.

"இந்தா பேச்சாயி, இனிமே எண்ணைத் தவிர ஒரு சொல் உன் வாயிலேர்ந்து விழுந்துது, உன் தங்கச்சி காத்தாயிக்கு உள்ளே தறி கிடையாது."

"கொக்கைக்கூடவா சொல்லக் கூடாது?"

"கூடாது."

அன்றைக்கு அடங்கினாள். ஒரு மாசம் போனது, ஒரு மழைக்காலம் போனது, ஒரு வருஷம் போனது. பார்த்ததெல்லாம் சொல்ல ஆளில்லாமல் அவளுக்குள்ளேயே சேர்ந்து கிடந்தது.

அப்புறம் ஒரு நாள். இங்கே மழையா என்று கேட்காதீர்கள், இங்கே சுள்ளென்று வெயில், மழை எங்கேயோ மலையில். மூணு கூவிவிட்டுக் கிண்ணத்தை மறுபடி மிதக்கவிட்டு நிமிர்ந்தாள். படித்துறையைக் காணோம். ஆறு கரையேறி, சத்தமே போடாமல், விருந்தாளி மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தது. வாசல் கோலங்கள் தண்ணீருக்கடியில் ஒரு கணம் அப்படியே தெரிந்தன, அப்புறம் பால் மாதிரிக் கரைந்தன. ஆளில்லாத வீடுகளிலிருந்து ஒரு முறம் வந்தது, ஒரு மரப்பாச்சி வந்தது, ஒரு பூசணிக்காய் உருண்டு உருண்டு வந்தது. வானம் தெருவில் கிடந்தது. என்ன அழகு, என்ன அழகு என்று அவள் தன்னை மறந்து நின்றாள்.

அப்புறம் ஆறு கொட்டகைத் தெருவுக்குத் திரும்பியது.

காத்தாயி உள்ளே. கதவு பூட்டு. 'தண்ணி' என்று தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லி என்ன பிரயோஜனம்? சடையனுக்குத் தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி. பூட்டு ஒரே சொல்லுக்குத்தான் திறக்கும். அந்தச் சொல்தான் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தது.

"ஆறூ!" என்று கூவினாள். "ஆறூ! ஆறூ!"

சடையன் கொட்டாவி விட்டுப் பூட்டைத் திறந்தான், ஜனம் திபுதிபுவென்று வெளியே வந்தது. கண்காணி துள்ளிக்கொண்டு வந்தார். "எவடி அவ! மூணு கூவி மூச்சு விடலை, அதுக்குள்ள ஆறு எப்படி வரும்? நாலு எங்கே? அஞ்சு எங்கே?"

காத்தாயி தெருமுனையைக் காட்டினாள். "நாலும் அஞ்சும் தெரியாதுங்க கண்காணியாரே. ஆறு அதோ வருது."

அவ்வளவுதான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பாறைக்கு ஓடினார்கள். கண்காணி மட்டும், "பட்டு! ராஜா பட்டு! நான் காவல் இருக்கேன், நீ பூட்டிட்டுப் போடா!" என்று உள்ளே போனார். சடையன் சொன்னதைச் செய்கிறவன், பூட்டிவிட்டுச் சாவியோடு பாறை ஏறிவிட்டான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அவர் தறிமேல் ஏறி, உத்தரத்தில் ஏறி, கூரையைப் பிய்த்துக்கொண்டு முகட்டில் போய் உட்கார்ந்தார். கீழே பட்டெல்லாம் சன்னல் வழியே அவிழ்ந்து, சிவப்பும் பச்சையுமாகத் தூங்குகிற பாம்புகள் மாதிரி மிதந்து போயிற்று.

"பேச்சாயி! அம்மா பேச்சாயி! எனக்குப் பயத்துல ஒண்ணும் தெரியலை. தண்ணி ஏறுதா இறங்குதா? ஏதாவது சொல்லு தாயி!"

பேச்சாயி தங்கச்சியைப் பார்த்தாள். காத்தாயி, "சொல்லேன்க்கா, பாவம்" என்றாள்.

சொன்னாள். "இன்னும் ரெண்டு முழம் இருக்கு, பயப்படாதீங்க. இடதுபக்கம் போகாதீங்க, சுவர் சாயுது. மரக்கட்டைமேல நல்லபாம்பு வருது, காலைத் தூக்குங்க! ம், போயிருச்சு. இப்ப தெற்கே ஒரு கொக்கு போகுது." அவள் சொல்லச் சொல்ல அவர் காலைத் தூக்கினார், நகர்ந்தார், கொக்கைக்கூடத் திரும்பிப் பார்த்தார். பொழுது சாய்ந்து பரிசல் வருகிறவரை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார்.

விஷயம் ராஜா காதுக்குப் போனது. "கதவுக்கு இனிப் பூட்டு வேண்டாம். கண்காணி பாறைக்குத் தண்ணீர் சுமக்கட்டும், பேச்சாயி சொல்வதையெல்லாம் தினம் கேட்கட்டும்" என்றார். வாய் ஓயாதவளிடம் ஆயுசுக்கும்! பாவம்தான், போகட்டும்.

அடுத்தவர் வாயை அடைத்தால் செவிடாவது நம் காதுதான், பிள்ளைகளா. ஆறு கடலுக்குப் போனது, கதை உங்களிடம் வந்தது.